ஹைலண்ட் கிறீக் ஓரமாக ஒரு சைக்கிள் பயணம்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் "உமக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார். நடக்கத் தெரியுமோ என்று கேட்பது போன்ற கேள்வியல்லவா அது!

1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மறுபடி யுத்தம் தொடங்கி, குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்ட பிறகு எங்களுக்குக் காரும் சைக்கிள்தான், லொறியும் சைக்கிள்தான், அம்புலன்சும் சைக்கிள்தான். பள்ளிக்கூடம் போனதும், விறகு கட்டி வந்ததும், நோயாளியைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடியதும் அதிலேதான். மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டதை இப்போது கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள். 1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, ஏறி ஓட இடமில்லாமல் அடிக்கு அடி உருட்டிக்கொண்டு போனதும் அதே சைக்கிளைத்தான். கரியரில் அரிசி, பாரில் பிள்ளை, ஹான்டிலில் வாளி.

இப்படியான நாங்கள், ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்ததும் சைக்கிளை மறந்து விடுகிறோம். ஏன்?

குளிர் ஒரு காரணம். ஆறு வரிசையில் வாகனங்கள் பறக்கும் எல்ஸ்மியர், லோறன்ஸ் வீதிகளைப் பார்த்தால் வரும் பயம் இன்னொரு காரணம். ஆனால் உண்மையான காரணம் வேறு என்பது என் அபிப்பிராயம். நான் வந்த முதல் கோடையில், ஒரு யாட் சேலில் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி அப்பாட்மென்ற் வாசலுக்கு உருட்டி வந்தேன். எங்கள் உறவினர் ஒருவர் கண்டுவிட்டு, "பிள்ளை, இஞ்சை சைக்கிள் ஓடினால் கார் வாங்க வழியில்லாத ஆக்கள் எண்டு நினைப்பினம்" என்றார். எங்களுக்குக் கார் வாங்க வழி இல்லைத்தான்! அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை.

புதிதாக வந்த குடும்பத்தில் முதல் இரண்டு மூன்று வருடங்கள் எப்படிப் போகின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும். லைசென்ஸ் எடுக்கக் காலம் எடுக்கும். கார் வாங்கினால் இன்சூரன்ஸ் கழுத்தை நெரிக்கும். வீட்டில் ஒரு கார் வந்தாலும் அது வேலைக்குப் போகிறவருடன் போய்விடும். மிஞ்சுகிறவர்கள் பெண்களும், ஊரிலிருந்து வந்த பெற்றோரும், கோடை விடுமுறையில் தொலைக்காட்சிக்கு முன் கிடக்கும் பிள்ளைகளும். இவர்களுக்கு நகரம் என்றால் பஸ் போகும் இடம் மட்டுந்தான். அந்தக் கோடையில் எனக்கு ஸ்காபரோ என்பது கட்டிடம், பிளாசா, பஸ் தரிப்பு, மறுபடியும் கட்டிடம்.

அதற்குக் கீழே ஓர் ஆறு ஓடுகிறது என்பது தெரியாமலே பத்து மாதம் இருந்திருக்கிறேன்.

பள்ளத்துக்குள் ஒரு பாதை

ஹைலண்ட் கிறீக் என்பது ஸ்காபரோவின் சொந்த ஆறு. வேறு ஊரிலிருந்து வராமல், பெரும்பாலும் ஸ்காபரோவுக்குள்ளேயே சேர்ந்து, ஸ்காபரோவுக்குள்ளேயே ஒன்ராறியோ வாவியில் விழுகிறது. வீதி மட்டத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது. நிலம் திடீரென்று பிளந்து பள்ளமாகி, அந்தப் பள்ளத்தின் அடியில் மரங்களுக்குள் ஓடுகிறது. மோர்னிங்சைட் வீதியில் பஸ்ஸில் போகும்போது, எல்ஸ்மியருக்குத் தெற்கே வீதி இறங்கி ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த இறக்கத்தில்தான் மோர்னிங்சைட் பூங்காவின் வாசல் இருக்கிறது.

இவ்வளவு பெறுமதியான நகரத்து நிலத்தில் ஏன் ஒருவரும் வீடு கட்டவில்லை? எனக்கு முதலில் வந்த கேள்வி இதுதான். விடை ஒரு புயலில் இருக்கிறது. 1954 ஐப்பசி 15 ஆம் திகதி இரவு ஹேசல் என்ற சூறாவளி ரொறன்ரோவைத் தாக்கியது. ஆறுகள் பெருகி ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். நகரின் மேற்கில், ஹம்பர் ஆற்றோரத்தில் இருந்த றேமோர் டிறைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். வீடுகளோடு அடித்துச் செல்லப்பட்டார்கள். அதன் பின்னர்தான் ஆற்றுப் பள்ளங்களில் குடியிருக்கக் கூடாது என்ற முடிவுக்கு அரசாங்கம் வந்தது. 1957 இல் இதற்கெனவே ஓர் அதிகாரசபை அமைக்கப்பட்டு, வெள்ளம் வரும் நிலங்கள் வாங்கப்பட்டுப் பூங்காக்களாக விடப்பட்டன. நாங்கள் இன்று மர நிழலில் ஓடுகிற பாதை அந்த 81 உயிர்களுக்குப் பிறகு வந்த பாதை.

வெள்ளம் பழங்கதை அல்ல. 2005 ஆவணி 19 ஆம் திகதி பெய்த மழையில் ஹைலண்ட் கிறீக் கரை உடைத்துப் பாய்ந்து, நிலத்தின் கீழ் இருந்த பெரிய கழிவுநீர்க் குழாயைக்கூட உடைத்தது. எனவே கடும் மழை பெய்யும்போதும், பெய்து ஓய்ந்த கையோடும் பள்ளத்துக்குள் இறங்க வேண்டாம். பாதை மூடப்பட்டிருப்பதாகப் பலகை வைத்திருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகவும் வேண்டாம். எங்களுக்குத் தடைக்குச் சுற்று வழி தேடும் பழக்கம் ஊரிலிருந்தே வந்தது. இங்கே அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்திக் கொள்ளலாம்.

சரி, பாதைக்கு வருவோம். மோர்னிங்சைட் பூங்காவுக்குள் இறங்கியதும் வாகனத் தரிப்பிடம், மேசை வாங்குகள், இறைச்சி வாட்டும் இடங்கள் எல்லாம் இருக்கும். சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்கள் ஒரு கூட்டமாவது நிற்பார்கள். கொத்துரொட்டி மணக்கும். பெரும்பாலானோர் அந்த மேசைகளோடு நின்று விடுகிறார்கள். அதற்கு அப்பால்தான் விடயமே இருக்கிறது. தார் போட்ட பாதை ஆற்றோடு சேர்ந்து, மோர்னிங்சைட் வீதிப் பாலத்துக்குக் கீழால் கிழக்கே போகிறது. தலைக்கு மேலே வாகனங்கள் இரைந்துகொண்டிருக்க, நீங்கள் கீழே தண்ணீரின் சத்தத்தோடு போவீர்கள்.

அடுத்து வருவது ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துக்குக் கீழுள்ள பள்ளத்தாக்கு. மேலே மரங்களுக்கிடையில் பெரிய கொங்கிறீற் கட்டிடம் தெரியும். 1960களில் கட்டியது. அந்த வளாகத்தில் தமிழ் இருக்கை ஒன்று அமைப்பதற்கு எம்மவர்கள் உலகமெங்கும் சேர்த்த முப்பது இலட்சம் டொலர் இலக்கு 2021 இல் நிறைவேறியது என்பதை ஒரு தகவலுக்காகச் சொல்லி வைக்கிறேன். சைக்கிளில் போகும்போது அண்ணாந்து பார்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அதற்கும் கீழே கேணல் டான்போத் பூங்கா. கிங்ஸ்டன் வீதிக்குக் கீழால் பாதை போகும். இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆறு வளைந்து வளைந்து போக, பாதையும் சிறு பாலங்களால் இக்கரைக்கும் அக்கரைக்கும் மாறிக்கொண்டிருக்கும். புரட்டாதி மாதத்தில் இங்கே சைக்கிளை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். ஒரு முழ நீளமும் அதற்கு மேலும் உள்ள சமன் மீன்கள், வாவியிலிருந்து ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு முட்டையிடப் போகும். முதுகு தண்ணீருக்கு மேலே தெரிய, ஆழமில்லாத இடத்தில் கல்லில் உரசி உரசிப் போகும். ரின்மீனாக மட்டுமே நாங்கள் அறிந்த சமன்! என்னோடு வந்த அம்மா, "உது பிடிச்சால் எத்தனை குழம்பு" என்று கணக்குப் போட்டார். ஒன்ராறியோவில் மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும், இன்ன இடம் இன்ன காலம் என்ற விதிகளும் உண்டு. கையால் தூக்கும் எண்ணம் வேண்டாம்.

லோறன்ஸ் வீதியையும் தாண்டிப் போனால் நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒரு பக்கத்தில் வரும். காற்றுத் திரும்பினால் கொஞ்சம் மூக்கைப் பிடிக்க வேண்டி வரலாம். கெதியாக மிதித்தால் முடிந்தது. அதன் பிறகு ரெயில் பாலத்துக்குக் கீழால் போனவுடன், சொல்லாமல் கொள்ளாமல் வாவி! மோர்னிங்சைட்டிலிருந்து இந்த இடம் ஆறேழு கிலோமீற்றர்தான். ஆறுதலாக ஓடினால் முக்கால் மணித்தியாலம். மீன் பார்க்க நின்றால் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி, ஆற்று முகத்துவாரத்தின் பாலத்தைத் தாண்டினால் போர்ட் யூனியன் கரையோரப் பாதை. ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் ரெயில் தண்டவாளம். சுமார் நான்கு கிலோமீற்றர், மேடு பள்ளம் அதிகமில்லை, கார் இல்லை. கோ ரெயின் கடந்து போகும்போது பிள்ளைகள் கை காட்டுவார்கள். அம்மா ஒரு முறை, "யாழ்தேவி மாதிரிக் கிடக்கு" என்றார். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்று, 2014 இல்தான் திரும்ப அங்கு ஓடத் தொடங்கிய யாழ்தேவி. அம்மா அது நின்றிருந்த காலம் முழுவதும் ஊரில் இருந்தவர், அது திரும்பி வந்ததையும் கண்டவர். நான் இரண்டாவதைக் காணவில்லை.

பாதையின் முடிவில் றூஜ் ஆறு வாவியோடு சேரும் இடம். மணற்கரையும் சதுப்பு நிலமும். ரொறன்ரோ மாநகரத்தின் எல்லை அதுதான். ஒரு பாலம் அக்கரையில் பிக்கறிங்குக்கு ஏற்றிவிடும்.

பிரெஞ்சுப் பெயரும் ஒரு குளிர்காலமும்

'றூஜ்' என்றால் பிரெஞ்சு மொழியில் சிவப்பு. ஆற்றங்கரையின் செங்களிமண்ணைப் பார்த்து வைத்த பெயர். லா சப்பலில் அண்ணன் தம்பியை வைத்திருக்கும் வாசகர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. பிரான்சில் இருக்கும் என் மச்சாள் ஒருத்தி, அங்கே ஆற்றோரக் கிராமங்களுக்குள்ளால் கார் வராத சின்ன வீதிகளில் சைக்கிள் ஓடுகிறாளாம். படம் படமாக அனுப்புவாள். உங்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறதோ என்று கேட்டாள். எங்களுக்கும் பிரெஞ்சுப் பெயரிலேயே ஓர் ஆறு இருக்கிறது என்று எழுதினேன்.

இந்த ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே 1600களில் செனக்கா ஆதிக்குடி மக்களின் கிராமம் ஒன்று இருந்தது. வாவியிலிருந்து வடக்கே போவதற்கு அவர்கள் பாவித்த நடைவழிகளில் ஒன்று இந்த றூஜ் பள்ளத்தாக்கால்தான் போனது. 1669 இன் குளிர்காலத்தை பெனலோன் என்ற பிரெஞ்சுக் குருவானவர் அந்தக் கிராமத்தில் கழித்தார். பக்கத்தில் பிக்கறிங்கில் உள்ள குடாவுக்குப் 'பிரெஞ்சுக்காரன் குடா' என்று பெயர் வந்தது அதனால்தான் என்பார்கள். அந்த மனிதருக்கு அடுப்புக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தவர்கள் அந்த ஊர்ச் சனம். எங்களுக்கு முந்தின அகதி என்று சொல்ல மாட்டேன், அவர் மதம் பரப்ப வந்தவர். ஆனாலும் அந்தக் கரையில் நின்று வாவிக் காற்றை வாங்கும்போது அவரது நினைப்பு எனக்கு வரத்தான் செய்கிறது.

றூஜ் பள்ளத்தாக்கும் சும்மா தப்பவில்லை. 1970களிலும் 80களிலும் அதற்குள் வீட்டுத் திட்டங்களும் பெருந்தெருவும் வரவிருந்தன. சுற்றுவட்டாரத்துச் சனம் சங்கம் அமைத்துப் போராடித் தடுத்தார்கள். ஸ்காபரோவைச் சேர்ந்த லோயிஸ் ஜேம்ஸ் என்ற பெண்மணி அதில் முன்னின்றவர். 1990களில் பூங்காவாகி, 2015 இல் றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவானது. ரொறன்ரோ, மார்க்கம், பிக்கறிங், அக்ஸ்பிறிட்ஜ் வரை 79 சதுர கிலோமீற்றர். நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கைப் போல இருபது மடங்குக்கும் மேல். உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆனால் அதன் காட்டு நடைப்பாதைகள் நடப்பவர்களுக்கானவை, சைக்கிளுக்கல்ல. வாசலிலுள்ள பலகையை வாசித்து, சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து போங்கள். ருவின் றிவர்ஸ் வீதியால் சைக்கிளில் குறுக்கே போகலாம் என்று யாராவது சொன்னால் புதியவர்கள் கேட்க வேண்டாம். செங்குத்தான இறக்கமும் ஒடுங்கிய பாலங்களும் உள்ள வீதி அது.

நான் விழுந்த கதை

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். எங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியும் என்ற நம்பிக்கைதான் இங்கே எங்களை விழுத்துகிறது.

யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? மலை ஏது? வழுக்கையாறு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும். தட்டையான நிலத்தில் கியர் இல்லாத சைக்கிளில் வளர்ந்தவர்கள் நாங்கள். இறக்கம் என்றால் என்னவென்றே பழகவில்லை. அதோடு இன்னொன்று. எங்கள் ஊர் றலி, ஹம்பர் சைக்கிள்களில் வலக்கைப் பிறேக் முன்சில்லைப் பிடிக்கும், இடக்கை பின்சில்லை. இந்த நாட்டில் விற்கும் சைக்கிள்களில் நேர்மாறு. இடக்கைதான் முன்சில்லு.

இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதன்முதல் பள்ளத்துக்குள் இறங்கிய அன்று, சரிவில் வேகம் பிடிக்கவே, ஊர்ப் பழக்கத்தில் 'பின் பிறேக்' என்று நினைத்து இடக்கையை இறுக்கினேன். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. ஹான்டிலுக்கு மேலால் போய் விழுந்து, மணிக்கட்டு முறிந்து, ஆறு கிழமை கட்டோடு இருந்தேன். தொழிற்சாலை வேலையும் அதோடு போயிற்று. தலையில் ஹெல்மெற் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன். அதைக்கூட ஒரு நண்பி வற்புறுத்தித் தந்தாள். 'இதென்ன கோமாளித் தொப்பி' என்று சொல்லிச் சொல்லித்தான் போட்டேன்.

ஆகவே, புதுச் சைக்கிள் கைக்கு வந்ததும் வீட்டு வாசலில் உருட்டிப் பார்த்து எந்தக் கை எந்தச் சில்லு என்று அறிந்து கொள்ளுங்கள். இறக்கத்தில் இரண்டு பிறேக்கையும் மெது மெதுவாகச் சேர்த்துப் பிடியுங்கள். ஏறும்போது, ஏற்றம் தொடங்குவதற்கு முன்னரே கியரைக் குறையுங்கள். இடை நடுவில் மாற்றினால் செயின் கழரும். ஏற முடியாவிட்டால் இறங்கி உருட்டுவதில் வெட்கமில்லை. இவ்வளவு தூரம் உருட்டி வந்த சனம் நாங்கள்!

அடுத்த ஆபத்து பக்கம். ஊரில் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். கார் ஓடுபவர்கள் பழகி விடுகிறார்கள், லைசென்ஸ் எடுக்க வேண்டியிருப்பதால். சைக்கிளுக்குச் சோதனை இல்லை, எனவே பழக்கதோசத்தில் இடப்பக்கமாக, வாகனங்களுக்கு முகம் கொடுத்து ஓடுகிறோம். குறிப்பாக, அதிகாலை வேலைக்குப் போகும் தம்பிமார். இது உயிராபத்து. சந்தியில் திரும்பும் சாரதி அந்தத் திசையில் ஒருவர் வருவார் என்று பார்ப்பதே இல்லை.

பயத்தில் நடைபாதையில் ஏறி ஓடுவதும் தீர்வல்ல. ரொறன்ரோவில் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் நடைபாதையில் சைக்கிள் ஓடக் கூடாது. சட்டத்தை விடுங்கள், பிளாசா வாசல்களில் உள்ளே திரும்பும் கார்கள் அடிப்பது நடைபாதையில் வேகமாக வரும் சைக்கிளைத்தான். பெரிய வீதியைக் கடக்கவேண்டி வந்தால் சிக்னல் விளக்குக்குப் போய், இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடவுங்கள். பாதசாரிக் கடவையில் ஏறி ஓடுவது சட்டப்படியும் பிழை.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஹெல்மெற் போட வேண்டும் என்பது 1995 முதல் ஒன்ராறியோவில் சட்டம். பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை, என் மணிக்கட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மணி கட்டாயம். இருட்டில் முன்னுக்கு வெள்ளை விளக்கும் பின்னுக்குச் சிவப்பும் வேண்டும். இரவு வேலை முடிந்து கறுப்பு ஜக்கெற்றோடு விளக்கில்லாமல் வரும் எங்கள் பிள்ளைகளைக் காணும்போது நெஞ்சு பதறுகிறது. 'டபிள்ஸ்' போவதும் கூடாது. ஒருவருக்காகச் செய்த சைக்கிளில் இருவர் ஏறுவது இங்கே குற்றம். பாரில் பிள்ளையை இருத்தும் காதலோடு வந்தவர்கள், அதற்கென உள்ள பிள்ளைச் சீற்றை வாங்கிப் பூட்ட வேண்டும்.

சைக்கிளுக்கு இங்கே லைசென்ஸ் கிடையாது. ஆனால் விதியை மீறியதாகப் பொலிஸ் மறித்தால் நின்று, உண்மையான பெயரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டும். அதுவும் சட்டம். சிவப்பு விளக்கில் போனதற்குத் தண்டப் பணம் வரலாம். அகதிக் கோரிக்கை நிலுவையில் இருக்கிறதே, பிடித்து அனுப்பி விடுவார்களோ என்ற பயத்தில் ஓடித் தப்ப நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ரிக்கற்றோடு போகிற விடயத்தைப் பெரிதாக்க வேண்டாம். இது ஊர்ச் சென்றியல்ல.

புல்லுக்குள் ஒரு பூச்சி

பள்ளத்தாக்கில் பயப்பட வேண்டியது கொயோட்டி நரியை அல்ல. அது உங்களைக் கண்டதும் தன்பாட்டில் போகும். கவனிக்க வேண்டியது உண்ணி. எள்ளளவுள்ள, கறுத்தக் கால் உண்ணி இந்தப் பள்ளத்தாக்குகளில் இருக்கிறது, அது கடித்தால் லைம் என்ற நோய் வரலாம். உயர்ந்த புல்லுக்குள் இறங்காமல் பாதையிலேயே நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கமக்கட்டு, தலைமயிர் எல்லாம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் கவ்வியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, வைத்தியரிடம் காட்டுங்கள். எண்ணெய் ஊற்றுவது, நெருப்பால் சுடுவது எல்லாம் வேண்டாம்.

கீரை பிடுங்குவதும் வேண்டாம். எங்கள் அம்மாமார் கண்ணில் பச்சையாக ஒன்று பட்டால் வறைக்கு ஆகுமோ என்றுதான் பார்ப்பார்கள். பூங்காவில் எதையும் பிடுங்கக் கூடாது என்பது விதி. அதோடு, மூன்றிலைக் கொடி ஒன்று இருக்கிறது, தொட்டாலே தோல் கொப்பளிக்கும். காட்டுச் செடி எது கறிச் செடி எது என்று ஊரில் தெரிந்த கண்ணுக்கு இங்கே ஒன்றும் தெரியாது.

அம்மா வந்த ஆரம்பத்தில் நான்கு மாதம் வீட்டை விட்டு வெளிக்கிடவே இல்லை. யன்னலுக்கு முன் கதிரை போட்டு வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன பாக்கிறியள்?" என்றால், "சனம் போகுதோ எண்டு பாக்கிறன்" என்பார். அவர் இளமையில் ஒரு லேடீஸ் சைக்கிளில் பதினைந்து வருடம் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய் வந்தவர். அறுபத்தெட்டு வயதில் இனி இரண்டு சில்லு பயம் என்றார். பழைய மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்று, பின்னால் பெரிய கூடையோடு, தெரிந்தவர் மூலம் கிடைத்தது. அதைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. தெரிந்த ஒருவரின் வானில் போர்ட் யூனியனுக்குக் கொண்டுபோய் இறக்கினோம். சேலையோடுதான் ஏறினார். முதல் நூறு யார் நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். பிறகு பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு எட்டியும் பிடிக்க முடியவில்லை.

றூஜ் கரையில் இறங்கி நின்று வாவியைப் பார்த்தார். "அங்கால என்ன?" என்றார். அமெரிக்கா என்றேன். "அப்ப கிளாலி மாதிரி. வள்ளம் ஓடுமோ?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அதன் பிறகு யன்னல் கதிரையில் இருப்பதைக் குறைத்து விட்டார். அங்கே நடக்க வரும் ஒரு சீனத்து அம்மாவோடு கை காட்டிச் சிநேகிதம் வேறு. இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை.

போய் வரும் வழி

ரி.ரி.சி. பஸ்களின் முன்பக்கத்தில் இரண்டு சைக்கிள் வைக்கும் தட்டு இருக்கிறது. சாரதிக்குச் சொல்லிவிட்டு நீங்களே ஏற்றி இறக்க வேண்டும், மேலதிக கட்டணம் இல்லை. மோர்னிங்சைட் பஸ்ஸில் வந்து பூங்கா வாசலில் இறங்கலாம். தனியே மிதித்து வர விரும்புகிறவர்கள், லோறன்ஸ் - பிறிம்லி சந்திக்கு அருகிலுள்ள தொம்சன் பூங்காவில் தொடங்கலாம். 1796 இல் ஸ்காபரோவில் முதன்முதல் குடியேறிய குடும்பத்தின் பெயர் அது. அங்கிருந்து உயர் மின்கம்பிகளுக்குக் கீழே, 'மெடோவே' என்று இப்போது சொல்லப்படும் புல்வெளிப் பாதை வடகிழக்காகப் போகிறது. வெயிலும் பூக்களும் நிறைய. ஆனால் பெரிய வீதிகளை அடிக்கடி கடக்க வேண்டும், இடையில் வீதியில் இறங்க வேண்டியும் வரும். பிள்ளைகளோடு முதல் தடவை போவதற்கு ஆற்றுப் பாதையே நல்லது.

போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம் என்பதை மறக்க வேண்டாம். வாவிக்கரை வரை உற்சாகமாகப் போய்விட்டுத் திரும்ப முடியாமல் பிள்ளைகள் அழுவதைக் கண்டிருக்கிறேன். களைத்து விட்டால், போர்ட் யூனியன் பாதைக்கருகில் றூஜ் ஹில் கோ ரெயில் நிலையம் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் ரெயினில் சைக்கிள் ஏற்றலாம். வேலை நாட்களில் காலை மாலை நெரிசல் நேரத்தில் முடியாது.

பாதையில் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் கூடாது. வலப்பக்கமாகப் போய், முந்தும்போது மணி அடியுங்கள். குடும்பமாக ஐந்து பேர் பாதையை அடைத்துக்கொண்டு போவது எங்கள் ஆட்களிடம் உள்ள ஒரு பழக்கம். ஒருவர் பின் ஒருவராகப் போகலாம். தண்ணீர்ப் போத்தல், ஒட்டுப் போடும் சாமான், சின்னப் பம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். பள்ளத்துக்குள் கடை கிடையாது. நல்ல பூட்டு ஒன்று வாங்குங்கள். அடியில் பெடலுக்குக் கீழே பொறித்திருக்கும் இலக்கத்தை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். கட்டிடங்களின் கீழ்த்தளங்களில் களவு நிறைய.

சித்திரை கடைசியிலிருந்து ஐப்பசி வரை நல்ல காலம். கார்த்திகைக்குப் பிறகு நிழல் விழும் வளைவுகளில் பனி உறைந்து கண்ணாடிபோல் கிடக்கும். அப்போது செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு, ரயரில் காற்றை நிரப்பி, சைக்கிளை உள்ளே எடுத்து வையுங்கள். பல்கனியில் விட்டால் உப்பும் ஈரமும் சேர்ந்து வசந்தத்தில் துரும்புதான் மிஞ்சும். அம்மாவின் மூன்று சில்லு இப்போது எங்கள் சாமியறைக்கும் சமையலறைக்கும் இடையில் நிற்கிறது. கூடைக்குள் வெங்காயம் இருக்கிறது.